எஸ்எஸ்டி மாட்டியாச்சு, டிஸ்க்கைக் காணோமே!

லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேக டிஸ்க்) மாட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஏழெட்டு வருஷத்துப் பழைய லேப்டாப். ரிச்சி தெருவில் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் பயாஸில் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அமைப்புத் திரை) பெயரே வரவில்லை. டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?
*வாசகர், ராயபுரம்*

கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பின் பின்மூடியை இன்னொரு முறை கழற்றுங்கள். எஸ்எஸ்டி மேல் குற்றம் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் மாட்டியிருப்பது எம்.2 அட்டை. எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்கும் கனெக்டருக்கும் உள்ள பெயர். அந்தக் கனெக்டர் வழியாகப் பேசும் பாஷை இரண்டு: ஒன்று சாட்டா, மற்றது என்விஎம்இ. உங்கள் வயது லேப்டாப்புகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் இருக்கும், ஆனால் அதற்கு சாட்டா இணைப்பு மட்டுமே கொடுத்திருப்பார்கள். என்விஎம்இ அட்டை அதில் தாராளமாக நுழையும், ஸ்க்ரூவும் பிடிக்கும். போர்டுக்கு மட்டும் அது தெரியாது. இதே கதை தலைகீழாகவும் நடக்கும்: புது லேப்டாப்பின் என்விஎம்இ ஸ்லாட்டில் மலிவாகக் கிடைத்தது என்று சாட்டா எம்.2 அட்டையைச் செருகினால் அதுவும் கண்ணில் படாது.

அடையாளம் பார்ப்பது சுலபம். தங்க நிறப் பல்வரிசையில் வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம், இரண்டு வெட்டோடு வரும் என்விஎம்இ அட்டைகளும் சில உண்டு. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். ஸ்லாட் எந்த வகை என்பதை அதன் உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் சர்வீஸ் மேனுவலை இறக்கி, ஸ்டோரேஜ் பகுதியில் எம்.2-க்கு நேரே சாட்டா என்றிருக்கிறதா, பிசிஐஇ (என்விஎம்இ ஓடும் பாதை) என்றிருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் நீளமும் இருக்கும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்றால் நீளம் 42, 30 மி.மீ. நீளமான அட்டை குட்டை இடத்தில் போகாது. குட்டை அட்டையை நீள இடத்தில் போட ஸ்க்ரூ பிடிக்கும் குமிழ் சரியான இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கென விற்கும் நீட்டுப் பட்டை தேவைப்படும்.

ஸ்லாட் என்விஎம்இ தான் என்று உறுதியானால் அடுத்த சந்தேகம், அட்டை முழுதாக உட்காரவில்லை என்பது. பவரை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் செருகி, தங்கப் பல் கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளி, பிறகு அமுக்கி ஸ்க்ரூவை மாட்டுங்கள். சாய்க்காமல் நேராகக் குத்தினால் பாதி தூரம்தான் போகும்.

சாட்டா ஸ்லாட் என்று தெரிந்தால் வருத்தம் வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். ஆனால் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் 100 எம்பிக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அன்றாட வேலையில் ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது அவ்வளவாகத் தெரியாது.

500 ஜிபி என்று காசு வாங்கிவிட்டு 465 தான் கொடுத்திருக்கிறார்கள். மீதி 35 ஜிபி எங்கே?
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

எங்கேயும் போகவில்லை. பெட்டியில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 1 டிபி வாங்கியவருக்கு 931 தெரியும்.

பதினோராம் தலைமுறை ஐ5 லேப்டாப். பயாஸில் புது எஸ்எஸ்டி பெயர் தெரிகிறது. விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் ‘டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. இரண்டு பென்டிரைவ் மாற்றிப் பார்த்தாச்சு.
*வாசகர், வியாசர்பாடி*

பென்டிரைவை இனி மாற்ற வேண்டாம். இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்றொரு ஏற்பாடு இயங்கிக்கொண்டே வருகிறது. என்விஎம்இ டிஸ்க் நேராக விண்டோஸிடம் பேசாமல் இந்த இடைத்தரகர் வழியாகப் பேசும். இன்ஸ்டால் பென்டிரைவில் அந்தத் தரகருக்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் இருந்தும் இல்லாததுபோல்தான்.

தீர்க்க இரண்டு வழி. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: இறங்கும் எக்ஸ்இ கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலர் அதைச் சீண்டாது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்பும் அதன் கூட்டாளிகளும் அடங்கிய ஃபோல்டரைப் பென்டிரைவில் வையுங்கள். டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்து நிற்கும்.

இரண்டாவது வழி, பயாஸுக்குள் போய் விஎம்டியையே அணைப்பது. சில ஏசர் மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். ஒற்றை எஸ்எஸ்டி, புதிதாக இன்ஸ்டால் என்றால் அணைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதே லேப்டாப்பில் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள இன்னொரு டிஸ்க் இருந்து, அதிலிருந்தும் பூட் ஆக வேண்டுமென்றால் கை வைக்காதீர்கள். விஎம்டியோடு பழகிய விண்டோஸ், அது இல்லாதபோது நீலத் திரை காட்டிவிட்டு நிற்கும். திரும்ப இயக்கினால் சரியாகிவிடும் என்றாலும், அந்தப் பத்து நிமிஷம் வயிற்றைக் கலக்கும்.

என் தம்பிக்குக் கிடைத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம், 4 ஜிபி ரேம். எஸ்எஸ்டி போட்டால் உயிர் வருமா? விண்டோஸ் எது போடலாம்?
*வாசகி, கொருக்குப்பேட்டை*

வரும். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் என்றால் உள்ளே இருப்பது 2.5 அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும், 240 அல்லது 256 ஜிபி போதும். டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகட்டில் நான்கு ஸ்க்ரூ இருக்கும், கழற்றிப் புதியதை அதில் பூட்டுங்கள். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மி.மீ., பழைய டிஸ்க் 9.5 மி.மீ. ஆக இருந்தால் 2.5 மி.மீ. இடைவெளி ஆடும். எஸ்எஸ்டி பெட்டியில் சில சமயம் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அதை ஒட்டிக்கொள்ளலாம். கரகரக்கும் டிஸ்க்கில் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் ஏதாவது இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். அந்தச் சத்தம் கேட்ட டிஸ்க் அதிக நாள் தாங்காது.

விண்டோஸ் விஷயம்தான் சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 64 ஜிபி டிஸ்க், 4 ஜிபி ரேம். முதல் இரண்டும் அந்தப் பழைய லேப்டாப்பில் இருக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஏறும். பிறகு 4 ஜிபி ரேமில் அது நகரும் அழகைப் பார்த்தால் பழைய டிஸ்க்கே தேவலாம் என்று தோன்றும்.

விண்டோஸுக்குப் பதிலாக, இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும், இன்ஸ்டாலுக்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், டச்பேட் எல்லாம் அப்போதே சோதித்துவிட்டால் பிறகு ஏமாற்றம் இல்லை. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். தம்பி டேலி கற்றுக்கொள்ளப் போகிறார் என்றால் மட்டும் லினக்ஸ் சரிப்படாது. அதற்கு வேறு லேப்டாப்தான் பார்க்க வேண்டும்.

மிச்சம் பணம் இருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பழைய குச்சியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று ஒவ்வொன்றும் வேறு, வாயால் சொல்லி வாங்கினால் மாறிப்போகும். விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிப் பென்டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லையே?
*வாசகர், புளியந்தோப்பு*

கோப்பாகக் காப்பி செய்தால் அது வெறும் கோப்பு. பென்டிரைவைப் பூட் ஆகும்படி எழுத வேண்டும். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் எடுத்து மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை ஓட்டுவது நேர்வழி. ஐஎஸ்ஓ கையில் இருப்பதால் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளும் போதும், அதில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புது முறை, பழையது எம்பிஆர்) தேர்ந்தெடுங்கள். இரண்டுமே பென்டிரைவைத் துடைத்துவிடும். கல்யாண ஆல்பம் உள்ள பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் பிறகு அழ வேண்டாம்.

பூட் மெனு வர லேப்டாப்பை இயக்கிய உடனே தட்ட வேண்டிய விசை: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் அனுமதிக்க வேண்டும். மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) என்று முன்னால் போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் நுழைந்தால், கடைசியில் டிஸ்க் தேர்வுத் திரையில் ஜிபிடி, எம்பிஆர் என்று ஏதோ தகராறு சொல்லி நிற்கும்.

அந்தத் தகராறு ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு: யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, டிஸ்க் தேர்வுத் திரையில் அந்த எஸ்எஸ்டியில் உள்ள பார்ட்டிஷன்களை எல்லாம் டெலீட் செய்து, வெறும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். இன்ஸ்டாலரே ஜிபிடியாக மாற்றி, வேண்டிய சின்னப் பார்ட்டிஷன்களையும் போட்டுக்கொள்ளும். அடம்பிடித்தால் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்திக் கறுப்புத் திரையைத் திறந்து டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் என்று எண்ணோடு, பிறகு கிளீன், கன்வெர்ட் ஜிபிடி என்ற கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். கிளீன் என்பதற்கு ‘நிச்சயமா?’ என்ற கேள்வி வராது. எண்ணை மாற்றிக் கொடுத்தால் வேறு டிஸ்க் காலி. லிஸ்டில் வரும் ஜிபி அளவைப் பார்த்து எண்ணைத் தீர்மானியுங்கள்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு ஒரு வாரம் அருமையாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன், இப்போது ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. திரும்ப மாட்டினால் ஓடுகிறது. என்ன மாயம்?
*வாசகர், திருவொற்றியூர்*

வீடு புது இடத்தில், வாசல் சாவி பழைய வீட்டில். விண்டோஸை எழுப்பிவிடும் கோப்புகள் இஎஃப்ஐ என்கிற சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும், அதன் அளவு வழக்கமாக 100 எம்பி. இன்ஸ்டால் செய்யும்போது வேறு டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் கண்ணில் பட்டால், இன்ஸ்டாலர் புதிதாக ஒன்று போடாமல் அதையே பயன்படுத்திக்கொள்ளக்கூடும். உங்கள் விண்டோஸ் எஸ்எஸ்டியில், அதை எழுப்பும் கோப்பு ஹார்ட் டிஸ்க்கில். பழைய டிஸ்க் தன் ஆயுள் முடிந்து போயிருந்தால் நல்ல எஸ்எஸ்டியும் கூடவே படுத்திருக்கும்.

எஸ்எஸ்டியில் புதிதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுத முடியும். டிஸ்க்பார்ட்டில் கை பழகியவர்களுக்குப் பத்து நிமிஷ வேலை. ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் உங்களுக்கு நாம் சொல்வது வேறு: ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றிய நிலையிலேயே எஸ்எஸ்டியில் விண்டோஸை மறுபடி போடுங்கள். பென்டிரைவிலிருந்து எஸ்எஸ்டிக்கு இன்ஸ்டால் ஆக அரை மணிக்கு மேல் ஆகாது. இதை இன்னும் செய்யாதவர்கள் அனைவரும் இன்ஸ்டால் சமயத்தில் லேப்டாப்பில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் கேடி என்ற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க் போடுகிறவர்களுக்கும் இதேதான். கேடி வாங்கும்போது 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு தடிமன் இருப்பதையும் நினைவில் வையுங்கள். எஸ்எஸ்டி எப்போதும் டிஸ்க்குக்கான அசல் இடத்தில், ஹார்ட் டிஸ்க் கேடியில். மாற்றிப் போட்டால் கேடி வழியாகப் பூட் ஆகாத லேப்டாப்புகள் உண்டு.

பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்து குளோன் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?
*வாசகர், பெரம்பூர்*

பழைய விண்டோஸ் ஆரோக்கியமாக இருந்தால் செய்யலாம். ஐந்து வருஷக் குப்பையோடு தத்தளிக்கிறதென்றால் அந்தக் குப்பையும் சேர்ந்து குடிவரும்.

குளோன்ஸில்லா என்ற மென்பொருள் இலவசம். ஆனால் அது சாதாரணமாகப் புது டிஸ்க் பழையதன் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் வெறும் 90 ஜிபிதான் இருக்கிறது, 500 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகாதா என்றால், முதலில் பழைய பார்ட்டிஷன்களைச் சுருக்கியாக வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கினால் அதை முதலில் அணைத்துப் பூட்டு முழுதாகத் திறக்கும்வரை காத்திருங்கள். 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வையுங்கள், அதுவும் லேப்டாப்புக்கு வெளியே, காகிதத்தில். நான் பிட்லாக்கரே போடவில்லையே என்பவர்களும் பார்க்க வேண்டும்: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்புகளில் அது தானாகவே இயங்கியிருக்கும், கீ அந்தக் கணக்கில் பதிந்திருக்கும். குளோன் முடிந்ததும் முதல் முறை பூட் செய்யும்போது இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக விடாதீர்கள், இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்து விண்டோஸ் குழம்பும்.

எஸ்எஸ்டி மாற்றினால் விண்டோஸ் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? சர்வீஸ் கடையில் 2,500 ரூபாய் கேட்கிறார்கள்.
*வாசகி, மூலக்கடை*

லேப்டாப் விண்டோஸோடு வந்ததென்றால் ஒரு ரூபாய்கூட வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் கீ மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது, டிஸ்க்கை மாற்றினால் அது போகாது. இன்ஸ்டாலர் தானே படித்துக்கொள்ளும். கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதை அழுத்தி, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு ஆசைப்பட்டு ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

இன்ஸ்டால் கடைசிக் கட்டத்தில் நெட் கேட்கிறது, வைஃபை பட்டியலே வரவில்லை. மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.
*வாசகர், மாதவரம்*

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் இயக்குங்கள். விண்டோஸுக்கு அது கம்பி இணைப்பாகத் தெரியும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருந்தால் வேலை செய்யாது.

நடுவில் கரன்ட் போனால்? பேட்டரியும் செத்துப்போன லேப்டாப்.
*வாசகர், வ.உ.சி. நகர்*

விண்டோஸ் ஏறும்போது போனால் பார்ட்டிஷனை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. பயாஸ் அப்டேட் செய்யும்போது போனால் போர்டே கல்லாகலாம். செத்த பேட்டரியோடு பயாஸ் அப்டேட்டைத் தொடவே கூடாது. பல லேப்டாப்புகள் அதை அனுமதிப்பதும் இல்லை.

எங்கள் வீடு கடலோரம். பின்மூடி ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து வழுக்குகிறது.
*வாசகர், காசிமேடு*

உப்புக்காற்றின் வேலை. தேய்ந்த டெஸ்டரை வைத்துத் திருகாதீர்கள், தலை மழுங்கினால் பிறகு டிரில் தான். பின்மூடிக்கு நல்ல பிஎச்0 அளவு ஸ்க்ரூடிரைவர் (கூட்டல் குறி) முனை, எம்.2 ஸ்க்ரூவுக்கு பிஎச்0 அல்லது பிஎச்00. நேராக நிறுத்தி, திருகும் பலத்தைவிட அமுக்கும் பலம் அதிகமாக இருக்கட்டும். அப்படியும் வழுக்கினால் ஸ்க்ரூ தலைக்கும் முனைக்கும் நடுவே அகலமான ரப்பர் பேண்டு துண்டு ஒன்றை வைத்துத் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அதில் ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு வரை குத்தும்.

ஸ்லாட்டுக்குள் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு புது எஸ்எஸ்டியைச் செருகுங்கள். அழி ரப்பரால் பல்லைத் தேய்க்கும் பழக்கம் ரேமோடு வந்தது. தங்கப் பூச்சு மெலியும், வேண்டாம்.

பாதி விலையில் 2 டிபி எஸ்எஸ்டி என்கிறார்கள். வாங்கலாமா?
*வாசகர், தண்டையார்பேட்டை*

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலியில் 2 டிபி என்று காட்டும், எழுதுவது சில பத்து ஜிபியைத் தாண்டியதும் படிக்கும்போது பிழை கொட்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பவர் ஆன் நேரத்தையும் (இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது) பாருங்கள். புதிது என்று விற்ற எஸ்எஸ்டியில் அது நான்கு இலக்கமாக இருந்தால் அது யாரிடமோ உழைத்துக் களைத்து வந்தது. இந்த இரண்டு சோதனையையும் ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவதற்கு முன்பே, யுஎஸ்பி உறையில் வைத்து இன்னொரு கம்ப்யூட்டரில் செய்துவிடுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினாலும் 2 டிபி முழுக்க எழுதிப் படிக்கச் சில மணி நேரம் ஆகும்.